வேட்பாளர் திருப்பித் தந்த காசோலை

தேர்தல் காலத்தில் நிறுவனத்தின் பெயரால் வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுக்கும் பொறுப்பு, இந்த வேலைக்குப் புதிதாக வருகிற உங்களில் யாரோ ஒருவர் தலையில் வந்து விழும். வேலைக்கு எடுக்கும்போது அதை யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. நியமனக் கடிதத்தில் 'வெளித்தொடர்பு முகாமையாளர், வட பிராந்தியம்' என்று இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குத் தண்ணீர்த் தாங்கி கொடுப்பது, கோயில் திருவிழாவுக்கு ஐஸ் அனுப்புவது, கடற்றொழிலாளர் சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து கேட்பது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்துப் போனேன்.

தேர்தல் செலவுச் சட்டத்தை உங்களுக்குப் பயிற்சியில் படிப்பிப்பார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னர் நடந்த ஒரு உள்ளூராட்சித் தேர்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் சட்டத்தை யாரும் மீறவில்லை. ஆனாலும் சில நாட்கள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு வல்வெட்டித்துறைக்கு அப்பால், கடலோடு சேர்ந்தாற்போல, ஒரு ஐஸ் தொழிற்சாலையும் மீன் பதனிடும் நிலையமும் இருந்தன. தலைமையலுவலகம் கொழும்பில். மீன் வெட்டிப் பொதி செய்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கரையோரப் பெண்கள். நான் கடலே இல்லாத உடுவிலைச் சேர்ந்த, தோட்டம் செய்கிற குடும்பம். வெங்காயத்துக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று தெரியும், வாடைக்காற்று எப்போது பெயரும் என்று தெரியாது. காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், பின்னேரம் இரண்டு பஸ் மாறி வருவேன்.

ஒருநாள் தலைமையலுவலகத்தில் இருந்து புதிய திட்டம் ஒன்று வந்தது. விரும்புகிற பணியாளர்கள் சம்பளத்தில் ஒரு சிறு தொகையை ஒரு நிதிக்குக் கொடுக்கலாம். அதே அளவு பணத்தை நிறுவனமும் போடும். தேர்தல் வரும்போது அந்தப் பணம் வேட்பாளர்களுக்கு நன்கொடையாகப் போகும். ஒவ்வொரு கிளையிலும் மூன்று பேர் கொண்ட குழு அதை நடத்த வேண்டும். எங்கள் கிளையில் நான் ஒருத்தி. மீன் வெட்டும் பகுதியின் மேற்பார்வையாளர் தவமணி அக்கா இரண்டாவது ஆள். ஐஸ் இயந்திரங்களுக்குப் பொறுப்பான பாலகுமார் மூன்றாவது.

நிதிக்கு இரண்டு விதிகள் இருந்தன. எங்களைச் சுற்றியுள்ள வட்டாரங்களில் போட்டியிடுகிற எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டும். நிதிக்குப் பணம் போட்ட பணியாளர் யாராவது கேட்டால், அது யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். கொழும்பில் அவற்றை எழுதியவர்கள், யாரும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து எழுதினார்களோ தெரியாது.

திட்டத்தை விளக்கப் போன அன்றே பாலகுமார் ஒரு கேள்வி கேட்டான்.

"விருப்பமான ஆக்கள் சேரலாம் எண்டு சொல்லுறியள், மிஸ். சேராத ஆக்களின்ரை பேரை ஆர் பாப்பினம்?"

"ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்றேன்.

அடுத்த கிழமையே தலைமையலுவலகத்தில் இருந்து தொலைபேசி வந்தது. சேராதவர்களின் பெயர்கள் வேண்டுமாம், அவர்களுக்கு "இன்னொரு முறை விளங்கப்படுத்த". சேர்ந்தவர்களின் விபரம் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது, மற்றதை நாங்கள் எடுக்கவில்லை என்று சொன்னேன். எடுக்காமல் விட்டதால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. உங்களிடம் இருக்கிற விபரத்தைத் தரமாட்டேன் என்று மேலிடத்துக்குச் சொல்வது கடினம். இல்லாத விபரத்தை யாரும் பறிக்க முடியாது.

இனி அந்தத் தேர்தல்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் இருந்தது. மணல்தரை. கரையோரத்து ஆட்கள் வள்ளங்களை இழுத்து வைப்பதும் வலை காயப்போடுவதும் அங்கேதான். எங்கள் நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்துப் புதிய குளிர்க்களஞ்சியம் ஒன்று கட்ட விரும்பியது. விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்து புதிய சபை கூடியதும் அது வாக்கெடுப்புக்கு வரும். ஆகவே நன்கொடை கொடுக்கும் நேரமும் நிலம் கேட்கும் நேரமும் கிட்டக்கிட்ட வந்துவிட்டன. அது சரியில்லை, நிலத்தையாவது ஒரு வருடம் தள்ளிப் போடலாம் என்று தலைமையலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வரவில்லை. விதிப்படி எல்லா வேட்பாளர்களுக்கும் காசோலைகளை அனுப்பினோம்.

எங்கள் தொழிற்சாலை இருந்த வட்டாரத்தில் இரண்டு பேருக்குத்தான் உண்மையான போட்டி. ஒருவர் பஸ் முதலாளி. பெரிய கட்சி ஒன்றின் ஆள். கலகலப்பானவர், ஊரில் செத்தவீடு என்றால் கேட்காமலே பஸ் அனுப்பி வைப்பவர். மற்றவர் யோகநாயகம். வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துபவர். கரையோர இளைஞர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து போட்ட சுயேச்சைக் குழுவின் வேட்பாளர். அவருடைய பிரசாரம் முழுவதும் அந்த மணல்தரையைப் பற்றித்தான்.

காசோலை கிடைத்த மறுநாள் காலை யோகநாயகம் என் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். உடுப்பெல்லாம் கிறீஸ், கதிரை ஊத்தையாகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. இதை வைச்சிருங்கோ" என்று கடித உறையை மேசையில் வைத்தார்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் அண்ணை குடுத்தனாங்கள். உங்களிட்டை ஒண்டும் எதிர்பாத்துக் குடுக்கேல்லை."

"தெரியும். நீங்கள் பிழையாக் குடுத்தனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா நாளைக்கு இந்த நிலத்து விசயம் சபைக்கு வரும் எல்லோ. கையை உயர்த்தேக்கை எனக்கு இந்தக் காசு ஞாபகம் வரும். நினைக்கக் கூடாது எண்டாலும் வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பெரிய கட்சிக்காரருக்குப் பத்துப் பேர் குடுப்பினம். பத்தோடை ஒண்டா அது கரைஞ்சு போகும். எனக்கு வந்தது உது ஒண்டுதான். அதாலைதான் எனக்குப் பயம் கூட."

திருப்பித் தந்ததற்கு ஒரு துண்டு எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"நீங்கள் அறிஞ்சால் காணும்."

சட்டைப் பொக்கற்றின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த நேரம் பஸ் முதலாளி எங்கள் வாசல் படலைக்கு வெளியே நின்றிருக்கிறார். எங்கள் பணியாளர்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் அவருடையது, அது விடயமாக வந்தவர். யோகநாயகம் உள்ளே இருந்து வருவதை அவர் கண்டார். அது எனக்கு அப்போது தெரியாது.

சில நாட்களில் ஊர் முழுக்க ஒரு கதை பரவியது. பஸ் முதலாளி மேடையில் சொன்னாராம்: "கரையைக் காப்பாத்துறன் எண்டு வாறார் ஒருத்தர். கொம்பனிக்காரரிட்டைக் காசு வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்ததை நான் என்ரை கண்ணாலை கண்டனான்." பஸ் முதலாளியும் எங்கள் காசோலையை வாங்கியிருந்தார். வாங்கியது குற்றமில்லை. ஆனால் அதை அவர் மேடையில் சொல்லவில்லை.

தவமணி அக்கா யோகநாயகத்தின் அயல்வீடு. மதியச் சாப்பாட்டு நேரம் என்னிடம் வந்து கதவைச் சாத்தினார்.

"உங்கை ஊருக்குள்ளை என்ன நடக்குது எண்டு தெரியுமோ? திருத்தக் குடுத்த எஞ்சினுகளைக் குறையிலை தூக்கிக்கொண்டு போகினம். அவரின்ரை மனிசி கோயிலுக்கு வாறேல்லை. மகளிட்டை ரியூசனிலை ஆரோ கேட்டிருக்கினம், உங்கடை அப்பா எவ்வளவு வாங்கினவர் எண்டு."

"அவர் வாங்கேல்லை அக்கா."

"எனக்கும் தெரியும் அவர் வாங்க மாட்டார் எண்டு. ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? நீங்கள் சொல்ல வேணும்."

அன்று பின்னேரமே யோகநாயகம் வந்தார். இந்த முறை கதிரையில் இருந்தார். 

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ மிஸ். சங்கக் கூட்டத்திலை வந்து, இவர் வாங்கேல்லை, திருப்பித் தந்திட்டார் எண்டு. அவ்வளவும் காணும்."

"நான் தனிய முடிவெடுக்கேலாது அண்ணை. ஒரு நாள் தாங்கோ."

"நீங்கள் உடனை ஓம் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

ஏன் நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டும். யோகநாயகம் வாங்கவில்லை என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னால், அடுத்த கேள்வி, அப்படியானால் வாங்கியது யார் என்பது. அதற்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றால், மற்ற எல்லோரையும் காட்டிக் கொடுத்ததாகிவிடும். பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் பாதியை மறைத்தால், ஒரு வேட்பாளருக்காக நிறுவனம் வேலை செய்கிறது என்றும் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கும். நன்கொடைக் கணக்கை வேட்பாளர்கள் தேர்தல் முடிந்த பிறகுதான் சட்டப்படி கொடுக்க வேண்டும். அதுவரை பொறுத்தால் உண்மை தானாக வெளியே வரும். ஆனால் அதற்குள் சனம் வாக்குப் போட்டுவிடும்.

கொழும்பில் இந்த விடயங்களுக்குப் பொறுப்பான பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவர். பொறுமையாகக் கேட்டார்.

"இது நம்ம பிரச்சினை இல்லையே" என்றார். "அவங்க அரசியல்வாதிங்க, ஒருத்தர ஒருத்தர் சொல்லத்தான் செய்வாங்க. நீங்க ஒண்ணும் கதைக்க வேணாம்."

"அந்த மனிசன் பொய்யிலை அடிபடுறார், சேர். எங்கடை காசை வைச்சுத்தான் அடிக்கினம்."

"பஸ்காரர் வந்தா நம்ம விண்ணப்பத்துக்கு ஆதரவு. மத்தவர் வந்தா எதிர்ப்பு. உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அப்ப இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு ஒரு வரி எழுதி அனுப்புங்கோ."



"நான் எதுவும் எழுதப் போறதில்ல" என்றார்.

இப்படியான பதில் உங்களுக்கும் கிடைக்கும். எழுத விரும்பாத கட்டளையை அவர் உங்கள் தோளில் வைக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். சுமப்பதா இறக்குவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

தலைமையலுவலகச் சட்டப் பிரிவில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். கண்டிப்பானவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். அவரிடம் கேட்டேன். வெளியிடு என்றும் சொல்லவில்லை, வெளியிடாதே என்றும் சொல்லவில்லை. "பணம் போட்ட ஆள் கேட்டால் சொல்ல வேண்டும் என்று விதியில் இருக்கிறது. யாராவது கேட்டார்களா?" என்றார். தவமணி அக்கா நிதிக்குப் பணம் போடுபவர், அவர் கேட்கிறார் என்றேன். "அப்படியானால் பதில் சொல்ல நீ கடமைப்பட்டிருக்கிறாய். எப்போது என்று விதியில் இல்லை. அது உன் விசயம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் கூடினோம். கேட்பவருக்கு மட்டும் காதோடு சொல்வதா, எல்லோருக்கும் தெரியச் சொல்வதா என்பதுதான் கேள்வி. காதோடு சொன்னால் அது இன்னொரு வதந்தியாகத்தான் வெளியே போகும் என்றான் பாலகுமார். பணம் போட்ட எல்லோரும் பார்க்கும்படி சாப்பாட்டு மண்டப அறிவித்தல் பலகையில் போடுவது என்று முடிவெடுத்தோம். எங்கள் வட்டாரம் மட்டும் போதாது, சுற்றியிருந்த எல்லா வட்டாரங்களிலும் யார் யார் வாங்கினார்கள், யார் திருப்பித் தந்தார் என்று முழுவதும் போட வேண்டும். கருத்து ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

"எப்ப போடுறது?" என்று தவமணி அக்கா கேட்டார்.

"கெதியாப் போட வேணும். பிரசாரம் முடியிற நாளிலை போட்டால், பேர் வந்த ஆக்கள் பதில் சொல்ல நேரம் இருக்காது. அது அநியாயம்" என்றேன். "ஆனா அதுக்கு முதல் நான் பஸ் முதலாளியைக் காண வேணும்."

"ஏன், அவரிட்டை அனுமதி கேக்கவோ?"

"இல்லை. அவர் தானாத் திருத்திச் சொன்னால் இந்தப் பலகைக்கு வேலை இல்லை."

பஸ்கள் திருத்துகிற கராஜில்தான் அவரைக் கண்டேன். தேத்தண்ணீர் எடுப்பித்தார். நான் நேரே விடயத்துக்கு வந்தேன்.

"யோகநாயகம் அண்ணையைப் பற்றி நீங்கள் மேடையிலை சொன்னது பிழை. அவர் காசோலையைத் திருப்பித் தந்திட்டார்."

"நான் கண்டனான், மிஸ். உங்கடை படலையாலை பொக்கற்றைத் தடவிக்கொண்டு வந்தவர்."

"தர வந்தவர். வாங்க வரேல்லை."

கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை அவர் தான் சொன்னதை உண்மை என்றே நம்பியிருந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

"மெய்யாவோ?"

"ஓம்."

"அட கடவுளே. இனி நான் என்னெண்டு அதை மாத்திறது? எனக்காக ஓடித் திரியிற பெடியள் எல்லாம் வீடு வீடா அதைத்தான் சொல்லுறாங்கள்."

"ஒரு கூட்டத்திலை சொன்னால் காணும். பிழையா விளங்கிப்போட்டன் எண்டு. சனம் உங்களைக் குறைவா நினைக்காது."

"நினைக்கும், மிஸ். உங்களுக்கு அரசியல் தெரியாது."

"அப்ப நாங்கள் ஆர் வாங்கினது, ஆர் வாங்கேல்லை எண்டு எங்கடை ஆக்களுக்குப் பலகையிலை போட வேண்டி வரும். அதிலை உங்கடை பேரும் இருக்கும். இதை உங்களுக்கு முதலே சொல்ல வேணும் எண்டுதான் வந்தனான்."

அது மிரட்டல் போலத்தான் கேட்டிருக்கும். அவரும் அப்படித்தான் எடுத்தார். 

"உங்கடை நிலத்துக்கு ஓம் எண்டு கை உயர்த்தப்போற ஆள் நான்தான். அதை மறந்து போனியளோ?"

"மறக்கேல்லை" என்று எழும்பி வந்துவிட்டேன்.

 அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், என் பிடிவாதத்தால் நிறுவனத்துக்கு நட்டம் வைக்கிறேனோ என்றுதான் யோசித்தேன். அந்தக் களஞ்சியம் வந்தால் இன்னும் பல பெண்களுக்கு வேலை கிடைக்கும். அதுவும் உண்மைதான். சரி ஒரு பக்கம், பிழை ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் எங்கள் வேலை எவ்வளவு சுகமாக இருக்கும்!

அன்று நடந்த கூட்டத்தில் அவர் எதையும் திருத்திச் சொல்லவில்லை. மறுநாள் காலை பணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: குழு இப்படி முடிவெடுத்திருக்கிறது, மதியம் பலகையில் போடுகிறோம், ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் அறிவியுங்கள். மதியம்வரை பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. மூவரும் கையெழுத்திட்டு ஒட்டினோம்.

சாப்பாட்டு நேரம் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூடினார்கள். தவமணி அக்கா சத்தமாக வாசித்தார். யோகநாயகத்தின் பெயருக்கு வந்ததும் யாரோ பின்னால் இருந்து, "பாத்தியே, நான் சொன்னனான்" என்றாள். பஸ் முதலாளியின் பெயர் வந்தபோது ஒரு சிரிப்பு எழும்பியது. சிரிப்பு அடங்கியதும் இளம்பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப, மிஸ், நான் வாக்குப் போடாத ஆளுக்கும் என்ரை காசு போயிருக்கு?"

"ஓம். எல்லாருக்கும் போயிருக்கு."

"இதைச் சேரேக்கை எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. அடுத்த மாதம் என்ரை பேரை வெட்டி விடுங்கோ."

வேறு பலரும் அதையே சொன்னார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. யோகநாயகத்தின் மானத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கள் பணம் எங்கே போகிறது என்று தெரியாமலே மாதாமாதம் கொடுத்து வந்தவர்கள் என் முன்னாலேயே நின்றிருக்கிறார்கள்.

பொழுதுபடுவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை நான் மாறி ஏறுகிற இரண்டாவது பஸ் எனக்காக நிற்கவில்லை. அது பஸ் முதலாளியுடையது. நடத்துநர் என்னை நேராகப் பார்த்தான், பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து தேர்தல் முடியும்வரை ஓட்டோவில் போனேன்.

ஆனால் பஸ் முதலாளியைப் பற்றி ஒரு விடயம் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவர், "ஓம், நான் கொம்பனிக் காசு வாங்கினனான். நான் அதை ஒளிக்கேல்லை, நீங்கள் கேக்கேல்லை. மற்றவர் வாங்கேல்லையாம், நல்லது" என்று சொல்லியிருக்கிறார். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் சனத்துக்கு அது போதுமாக இருந்தது. யோகநாயகத்தின் பட்டறைக்கு எஞ்சின்கள் திரும்பி வரத் தொடங்கின.

வட்டாரத்தில் யோகநாயகம் சிறிய வித்தியாசத்தில் வென்றார். தோற்ற பஸ் முதலாளி, மொத்த வாக்கு வீதப்படி கட்சிக்குக் கிடைத்த இடமொன்றில் பட்டியல் மூலம் சபைக்குள் வந்தார். ஆக இருவரும் ஒரே சபையில்.

எங்கள் நிலக் குத்தகை விண்ணப்பம் சில மாதங்களில் விவாதத்துக்கு வந்தது. நிறுவனத்தின் சார்பில் விளக்கம் கொடுக்க நான்தான் போனேன். போகத்தான் வேண்டும், அதற்குத்தான் சம்பளம். வேலைவாய்ப்பு, சபைக்கு வரும் வருமானம் எல்லாவற்றையும் என்னால் இயன்றவரை நன்றாகவே சொன்னேன். அரைகுறையாகச் சொல்லித் தோற்றுவிட்டு வருவதும் ஒரு ஏமாற்றுத்தான்.

யோகநாயகம் எழும்பினார். இந்த முறை வெள்ளை வேட்டி, ஆனால் நகக்கண்ணில் கிறீஸ் போகவில்லை.

"மிஸ் சொன்னது எல்லாம் சரியா இருக்கலாம். எனக்கு ஒரு கேள்விதான். அந்தத் தரையை நீங்கள் எடுத்தால், மாரிக்கு எங்கடை வள்ளங்களை எங்கை இழுத்து வைக்கிறது?"

எங்கள் விண்ணப்பத்தில் அதற்கு விடை இருக்கவில்லை. வரைபடம் கீறியவர்கள் வள்ளங்களைக் கீறவில்லை.

"அதுக்கு எங்களிட்டை இப்ப பதில் இல்லை" என்றேன்.

வாக்கெடுப்பு நடந்தது. யோகநாயகம் எதிர்த்தார், அது எதிர்பார்த்தது. பஸ் முதலாளி ஆதரிப்பார் என்று எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது மெல்லக் கையை உயர்த்தினார். எங்கள் காசோலையை வாங்கிய வேறு உறுப்பினர்களும் அப்படியே செய்தார்கள். விண்ணப்பம் தோற்றது.

வெளியே வரும்போது பஸ் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். சிரித்தார், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு ஓம் எண்டு சொல்ல எனக்கு விருப்பம்தான், மிஸ். ஆனா உங்கடை காசு வாங்கினது ஊருக்கே தெரியும். நான் கை தூக்கியிருந்தால் என்ன சொல்லுவினம்? என்ரை கையை நீங்களே பிடிச்சு வைச்சிட்டியள்."

யோகநாயகம் தூரத்தில் நின்றார். அவர் வந்து நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவரைக் கடந்து போனபோது, "கோவமோ மிஸ்?" என்று மட்டும் கேட்டார். "இல்லை அண்ணை, நீங்கள் கேட்டது நாங்கள் எங்களையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி" என்றேன். தலையாட்டினார்.

பின்னேரம் பணிப்பாளர் தொலைபேசியில் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, களைத்துப் போனவர் போல இருந்தார்.

"வாங்காதவனும் எதிர்ப்பு, வாங்கினவனும் எதிர்ப்பு. அப்ப நாம எதுக்குத்தான் இந்தக் காசக் குடுத்தோம்?"

என்னிடம் பல பதில்கள் இருந்தன. ஜனநாயகத்துக்கு உதவி என்று நாங்கள் அச்சடித்த துண்டுப் பிரசுரமே மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"இதை நீங்கள் தொடங்கின நாளிலை நானும் இதைத்தான் கேட்டனான், சேர்" என்றேன். "எல்லாருக்கும் ஒரே அளவு, ஒருத்தரிட்டையும் ஒண்டும் எதிர்பாக்கேல்லை எண்டு சொன்னனீங்கள். நான் அதை நம்பித்தான் வேலை செய்தனான்."

 மறுபக்கத்தில் அவர் தாள்களைப் புரட்டுவது கேட்டது.  பிறகு, "களஞ்சியத்த நம்ம காணிக்குள்ளயே கட்ட ஏலுமா எண்டு பொறியியலாளரக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். ஏலும் என்றார்கள்.